செவ்வாய்க்கிழமை பத்து மணி லைன்

சந்தனம் மச்சான் இப்போதெல்லாம் போனை வலது காதில்தான் வைக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாக இடது காதில் வைத்துப் பழகியவர். மணி அடித்ததும் இடது கைதான் முதலில் எடுக்கும், காதுவரை கொண்டுபோகும், அங்கே ஒரு நொடி நிற்கும், பிறகு கை மாறும். அந்த ஒரு நொடியில் என் அக்கா ராமலட்சுமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் அதை மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்ப்பேன். அந்தக் காது போனதில் என் பங்கு என்ன என்பது, போன கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

மச்சான் பெரிய ஆள் இல்லை. பரளச்சிப் பக்கம் மேலப்புளியங்குளம் ஊர். பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனார். சிக்னல்ஸ் பிரிவில் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்து நாலு வருடம் முடித்து அவில்தாராக ஊருக்கு வந்தார். பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலை வாசலில் செக்யூரிட்டி வேலை. துப்பாக்கி சுட்ட கதை ஒன்றுகூட அவரிடம் கிடையாது.

"எதிரிய நேர்ல பாத்திருக்கீகளா மச்சான்?" என்று அக்கா கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"பாத்ததில்ல மாப்ளே. கேட்டிருக்கேன்."

டெல்லியில் அவர் மூன்று வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பற்றி அப்போதுதான் சொன்னார். நம் ராணுவத் தலைமையகத்துக்கும் பாகிஸ்தான் ராணுவத் தலைமையகத்துக்கும் நடுவில் நேரடியாக ஒரு டெலிபோன் லைன் உண்டு. செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் அதில் பேசிக்கொள்வார்கள். எல்லையில் ஏதாவது நடந்தால் என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்ளவும், ஒருவர் செய்வதை இன்னொருவர் தப்பாக எடுத்துக்கொண்டு குண்டைத் தூக்கிவிடாமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. அதிகாரிகள் உட்காருவதற்கு முன்னால் லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது மச்சானின் வேலை.

"என்ன பேசுவீக?"

"என்னத்தப் பேச? கேக்குதான்னு கேப்பேன். கேக்குதும்பான். உனக்கு கேக்குதாம்பான். கேக்குதும்பேன். அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசுனா சட்டக் கையில இருக்க பட்டை போயிரும்."

"ஒரு நாள்கூட வேற ஒண்ணும் பேசலயா?"

"இல்ல. ஆனா அந்தப் பக்கம் இருந்தவனுக்கு ஒரு இருமல் உண்டு. லைன எடுக்குமுன்ன ஒரு தடவ இருமுவான். பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. இருமலு தெரியும். ஒரு நாளு இருமல் இல்ல. புதுக் குரலு. பழைய ஆளு என்னய்யா ஆனாருன்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்க முடியுமா? லைன் நல்லாருக்குன்னு எழுதி வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

கார்கில் சண்டை நடந்த கோடையிலும் அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார். மேலே சுட்டுக்கொண்டிருந்த நாட்களிலும் கீழே கேக்குதா, கேக்குது நின்றதில்லை என்பார்.

ஊருக்கு வந்த மூன்றாம் வருடம், இரண்டாயிரத்துப் பதினைந்து ஐப்பசியில், மேலப்புளியங்குளத்துக்கும் கீழப்புளியங்குளத்துக்கும் பெரிய கைகலப்பு ஆனது. மேல ஊர்க் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு என்ற கல்கட்டு வழியாக வழிந்து கீழ ஊர்க் கண்மாய்க்குப் போகும். மழை இல்லாத வருடம் மேல ஊர்க்காரர்கள் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்குவார்கள், கீழ ஊர்க்காரர்கள் வந்து பிடுங்குவார்கள். பேய்மழை பெய்தால் கதை தலைகீழ். கரை உடைந்துவிடும் என்று மேல ஊர் கலுங்கை அடைத்திருக்கும் பலகைகளை மொத்தமாக எடுத்துவிடும். கீழ ஊர் வீடுகளுக்குள் தண்ணீர் போகும். அந்த வருடம் யார் முதலில் கம்பெடுத்தது என்பதற்கு இன்றுவரை இரண்டு கதை உண்டு. ஒருவருக்குக் கை போனது, ஒருவருக்குத் தாடை. கேஸ், வாய்தா, கோர்ட்டு. அதோடு பத்திரிகை வைப்பது நின்றது, இழவுக்குப் போவது நின்றது, ஒருவர் நம்பரை ஒருவர் போனிலிருந்து அழித்தார்கள்.

பரளச்சியில் நடந்த சமாதானக் கூட்டத்தில்தான் மச்சான் எழுந்து சொன்னார். ஊருக்கு ஒரு பட்டன் போன். அதில் வேறு யாரும் பேசக்கூடாது. கலுங்கில் கை வைப்பதாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்னால் அந்தப் போனில் சொல்ல வேண்டும். அந்தப் போனில் வராத எந்தச் சேதியையும் நம்பக்கூடாது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லைன் டெஸ்ட், ஒரு வாரம் மேலிருந்து, ஒரு வாரம் கீழிருந்து.

கூட்டம் சிரித்தது.

"ஏலே, கண்மாய்க்கு ஹாட்லைன் போடுறாருலே பட்டாளத்தாரு! அணுகுண்டு எந்த வீட்டு அடுப்புல இருக்காம்?"

"ரெண்டு கண்மாயும் நெறஞ்சு நிக்கையில வந்து பாரு. அப்பச் சொல்லு, குண்டு எதுன்னு," என்றார் மச்சான்.

மேல ஊர்ப் போன் மச்சானிடம். கீழ ஊரில் யார் வைத்துக்கொள்வது என்று ஆம்பளைகளுக்குள் முடிவாகவில்லை. கடைசியில் பேச்சியிடம் கொடுத்தார்கள். பேச்சி தையல்காரி. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மிஷின் போட்டு விடிந்தது முதல் பொழுது சாய்கிறவரை அங்கேயே இருப்பவள். பிறந்தது மேல ஊர், வாழ்க்கைப்பட்டது கீழ ஊர். மிஷினுக்குப் பக்கத்தில் ஆணியடித்து, பூப்போட்ட துணியில் பை தைத்து, போனை அதில் தொங்கவிட்டாள்.

இரண்டு போனுக்கும் ரீசார்ஜ் யார் போடுவது என்ற கேள்வி வந்தது. மேல ஊர் போட்டால் கீழ ஊருக்கு ரோசம். கீழ ஊர் போட்டால் மேல ஊருக்கு. "எம் மச்சினன் வெளிநாட்டுல இருக்கான். அவனுக்கு ரெண்டு ஊரும் இல்ல. அவன் போடட்டும்," என்றார் மச்சான். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. ஊரைவிட்டு வந்தவனுக்கு ஊரில் ஒரு வேலை கிடைத்த மாதிரி.

அந்த லைன் ஒரு தடவை நிஜமாகவே காப்பாற்றியது. நாலைந்து வருடம் முன்பு, மழைக்காலம். கீழ ஊரிலிருந்து டிராக்டரில் கம்பும் ஆளுமாகக் கலுங்குக்கு வருகிறார்கள் என்று ஒருவன் ஓடிவந்து சொல்ல, மேல ஊர் அரிவாளோடு கிளம்பிவிட்டது. மச்சான் போனைப் போட்டார்.

"மேலேருந்து பேசுறேன். டிராக்டர்ல கம்பு வருதாம்ல?"

"அது கம்பில்லண்ணே, பச்ச மூங்கிலு. எங்க சின்ன மாமனாரு செத்துட்டாரு, பாடை கட்ட எடுத்துட்டு வாராக. கலுங்குப் பக்கமா வந்தாத்தான சுடுகாடு?"

மச்சான் வெளியே வந்து சொன்னதும் அரிவாளோடு நின்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் மச்சான் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

போன வருடம் மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட அந்த நாலு நாளும் நான் மஸ்கட்டில் தூங்கவில்லை. இரண்டு பக்கமும் அணுகுண்டு. நான் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பதைவிடப் போனில் செய்தி பார்த்த நேரம் அதிகம். மணிக்கொரு தரம் மச்சானைக் கூப்பிட்டேன்.

"டி.வி.ய நிறுத்து மாப்ளே. லைன அத்துட்டோம்னு எவனாவது சொன்னானா?"

"அப்படிச் சொல்லல."

"அப்பப் போயிப் படு."

சனிக்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது. அன்று மதியம் மூன்று முப்பத்தைந்துக்கு அந்தப் பக்கத்து அதிகாரி இந்தப் பக்கத்து அதிகாரியைப் போனில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார், ஐந்து மணியோடு சண்டை நிற்கிறது என்று. உடனே மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எத்தன மணின்ன?"

"மூணு முப்பத்தஞ்சு."

"அப்ப மூணு முப்பதுக்கு ஒருத்தன் டெஸ்ட் பண்ணியிருப்பான்," என்றார். "அவன் பேரு எந்தப் பேப்பர்லயும் வராது மாப்ளே."

இவ்வளவும் கேட்டவன் நான். இதற்குப் பிறகும் மறந்தவன் நான்.

கார்த்திகையில் எனக்கு வீடு மாற்றும் வேலை. ஒரு மீட்டிங்கில் இருக்கும்போது போனில் அறிவிப்பு வந்தது. நாற்பத்தொன்றில் முடிகிற நம்பரின் ரீசார்ஜ் திட்டம் இன்றோடு முடிகிறது. அது பேச்சியின் போன். பிறகு போடலாம் என்று விரலால் தள்ளிவிட்டேன். மறுபடி அது நினைவுக்கு வரவே இல்லை. திட்டம் முடிந்தால் முதலில் அந்தப் போனிலிருந்து கூப்பிட முடியாமல் போகும். சில நாள் கழித்துத்தான் அதற்கு வரும் அழைப்பும் நிற்கும். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, மேலிருந்து கூப்பிட வேண்டிய முறை. மச்சான் கூப்பிட்டார், மணி அடித்தது, பேச்சி எடுத்தாள். கேக்குதா, கேக்குது. பேச்சியின் முறையாக இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வியாழக்கிழமை வரும் அழைப்பும் நின்றது.

வெள்ளிக்கிழமை, மூன்று நாள் மழைக்குப் பிறகு, மேல ஊர்க் கரையில் கசிவு கண்டது. காலை பதினோரு மணிக்குக் கலுங்குப் பலகைகளை எடுப்பது என்று ஊர் முடிவு செய்தது. சொல்லாமல் எடுக்கக்கூடாது என்று மச்சான் மறித்தார். போனைப் போட்டார். தற்போது தொடர்புகொள்ள இயலாது என்று பதிவுக்குரல் வந்தது. பதினோரு தடவை போட்டிருக்கிறார். அதே நேரம் கீழே பேச்சி, ஓடையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து மேலே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் போனிலிருந்தும் போகவில்லை. வேணும்னே அணைச்சு வச்சுட்டான்க என்று மேலேயும் சொன்னார்கள், கீழேயும் சொன்னார்கள்.

"அரை மணி நேரம் பொறுங்கப்பா. நானே போயிச் சொல்லிட்டு வாரேன்," என்று மச்சான் எக்செல் வண்டியை எடுத்துக்கொண்டு மழையில் கரை மேல் போனார். கீழ ஊர் எல்லையில் கம்பும் கடப்பாரையுமாகக் கூடி நின்றவர்களுக்கு, மழைச்சட்டைத் தொப்பியோடு மேலிருந்து வரும் ஒரு ஆள்தான் தெரிந்தது. யாரோ கல்லை விட்டான். இடது காதுக்கு மேலே பட்டு, மச்சான் வண்டியோடு ஓடைக்குள் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கியது பேச்சிதான். "அடப் பாவிகளா, சந்தனம் அண்ணேடா!" என்று அவள் கத்திய பிறகுதான் கம்புகள் கீழே வந்தன. மேலே அரை மணி நேரம் யாரும் பொறுக்கவில்லை. பலகையை எடுத்துவிட்டார்கள். கீழ ஊரில் பன்னிரண்டு வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஆடு போனது, தானிய மூட்டை போனது. உயிர்ச்சேதம் இல்லை என்று செய்தியில் ஒரு வரி.

அக்கா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். மச்சானை மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றாள். பேச்சி போன் எடுக்கவில்லை என்றாள். அந்த வார்த்தை கேட்டதும்தான் விரலால் தள்ளிவிட்ட அறிவிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. இதை நான் எப்படி எழுதினாலும் ஒன்றுதான். நான் அக்காவிடம் அடிபட்டது எங்கே என்று கேட்கவில்லை. இரு, கூப்பிடுறேன் என்று வைத்துவிட்டு, நாற்பத்தொன்றுக்கு ரீசார்ஜ் போட்டேன். அதற்குப் பிறகுதான் திரும்பக் கூப்பிட்டு, மச்சானுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

மறந்தது ஒரு தப்பு. இது வேறு. ஏனென்றால், அன்று ஆத்திரத்தில் பேச்சியின் போனைப் பிடுங்கி ஓடையில் எறிந்தவர்கள், மறுநாள் சேற்றில் அதைத் தேடி எடுத்து, சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கூப்பிட்டால் போகிறது, வருகிறது.

"சிம்மு நல்லாத்தான இருக்கு? அப்ப அணைச்சு வச்சது யாரு?"

பிறந்த வீட்டுக்கு விசுவாசம் என்றார்கள். பத்து வருடம் அவளிடம் ஜாக்கெட் தைத்த பெண்கள், அளவு ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். போன் டீக்கடை இருளப்பசாமியிடம் போனது. பேச்சியின் மிஷினுக்குப் பக்கத்தில் வெறும் ஆணியும் துணிப்பையும்.

மச்சானின் காது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் என்னிடம் போனில் சொன்னது இது: "தப்பு எம்மேல மாப்ளே. மழைக்காலத்துல தெனமும் டெஸ்ட் பண்ணியிருக்கணும். பட்டாளத்துல அப்பிடித்தான். எனக்குச் சோம்பல் வந்துருச்சு." நான் உம் கொட்டினேன். ஏழு வாரம் உம் கொட்டினேன். தமிழிலும் இங்கிலீசிலும் ஆபீஸுக்கு நாளெல்லாம் கடிதம் எழுதுகிறவனுக்கு இரண்டிலும் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

பொங்கலுக்குப் போனேன். பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமை, பத்து மணி டெஸ்டுக்கு அரை மணி இருக்கும்போது, வாசலில் வேப்பமரத்தடியில் மச்சான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரீசார்ஜ், அறிவிப்பு, அன்று மதியம் போட்டது. சொல்லி முடித்து நிமிர்ந்தால், அவர் ரோட்டில் போகும் மினி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் உட்கார்ந்திருந்தது இடது பக்கம்.

தற்செயலாகத்தான் அங்கே உட்கார்ந்தேனா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. சொல்லியாகிவிட்டது என்று எழுந்து போயிருக்கலாம். அக்கா காபி கொண்டுவந்தாள், குடித்திருக்கலாம். நாற்காலியைத் தூக்கி வலது பக்கம் போட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டவில்லை. உள்ளே போய் ஒரு நீளமான நோட்டை எடுத்து வந்தார். பத்து வருடச் செவ்வாய்க்கிழமைகள் அதில் இருந்தன. தேதி, மணி, கேக்குது. அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே 'பதில் இல்லை' என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த கட்டத்துக்கு மேலே 'காரணம்' என்று போட்டிருந்தது. கட்டம் காலி.

"எழுது," என்று பேனாவை நீட்டினார்.

"என்னன்னு மச்சான்?"

"நடந்தத. கத வேண்டாம்."

ரீசார்ஜ் போட மறந்தது முத்துராஜ் என்று எழுதினேன்.

"அன்னைக்கு மத்தியானம் போட்டியே, அது எத்தன மணிக்கு?"

போனில் தேடினேன். இந்திய நேரம் இரண்டு பன்னிரண்டு. அதையும் எழுதச் சொன்னார். கையெழுத்தும் போடச் சொன்னார். அக்கா காபி டம்ளரோடு நின்றிருந்தாள். "ஏன்டா தம்பி," என்றாள். டம்ளரை என் நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நோட்டை உரப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மச்சான் வண்டியில் பின்னால் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். கல் பட்ட இடம் வந்தபோது ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "பள்ளம், பாத்துப் போ," என்றார்.

இருளப்பசாமி டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எதிரே பேச்சி மிஷினில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மச்சான் அவளைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் நடுவில் நோட்டை அவள் கையில் கொடுத்தார். அவள் விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை, சத்தமாக, கடைக்குக் கேட்கும்படி வாசித்தாள். ரீசார்ஜ் போட மறந்தது முத்துராஜ். போட்டது மத்தியானம் ரெண்டு பன்னெண்டு.

"முத்துராஜ்ங்கிறது இவுகளாண்ணே?"

"ஆமாத்தா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு பன்னெண்டுக்குப் போட்டீகளே, அப்ப அண்ணனுக்கு அடி எங்க பட்டுச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"கேக்கக்கூட இல்ல?"

"அதுக்குப் பெறகுதான் கேட்டேன்."

"நல்லாருக்கு," என்றாள். "நாங்கூட அந்த மழையில மொதல்ல அண்ணனத்தான தூக்குனேன்? போனத் தேடலையே?"

இருளப்பசாமி தன் கடை ஆணியிலிருந்து போனை எடுத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் பெஞ்சில் வைத்தார். "நீயே வச்சுக்க தாயி," என்றார். அவள் அதைத் தொடவில்லை.

"புடுங்கி எறிஞ்சப்ப தாயின்னு தெரியலயாக்கும்? பாப்போம்," என்றாள். பிறகு மச்சானின் வலது பக்கமாக நகர்ந்து நின்று சொன்னாள்: "அந்த ரீசார்ஜ் போடுற வேலைய மொதல்ல இவுககிட்டருந்து வாங்கிருங்கண்ணே."

"வாங்கிட்டேன்த்தா," என்றார் மச்சான். என்னிடம் அவர் அதை அதற்கு முன் சொல்லியிருக்கவில்லை.

இப்போது அவரவர் ஊர்ப் போனுக்கு அவரவர் ஊர் போட்டுக்கொள்கிறது. மழை என்றால் தினமும் டெஸ்ட் என்று புது விதி. நான் மஸ்கட் திரும்பிவிட்டேன். இங்கே காலை எட்டரை மணிக்கு அங்கே பத்து. செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு ஆபீஸ் பஸ்ஸில் இருப்பேன். கீழ ஊரில் போனை எடுப்பது இருளப்பசாமியா பேச்சியா என்று தெரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். "உன் மச்சான் சொல்ல மாட்டேங்கிறாருடா. லைன் நல்லாருக்குங்கிறாரு, அம்புட்டுத்தான்," என்றாள். அவரிடமே கேட்க நாக்கு நுனி வரைக்கும் வருகிறது.

நாற்பத்தொன்றில் முடிகிற நம்பருக்கு அறிவிப்பு இன்னும் எனக்குத்தான் வருகிறது. நான் அதை நிறுத்தவில்லை.